வீட்டிலேயே போனில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது, எங்கே தப்பு செய்கிறேன்?

தென்றல்22 கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். எனக்கும் அம்மாவுக்கும் அடையாள அட்டை புதுப்பிக்க இணையத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்கி ஸ்டுடியோ வரை வருவது இப்போதைக்கு முடியாது, அதனால் இரண்டு பேருக்கும் வீட்டிலேயே போனில் எடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். இதுவரை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதல் முறை ராத்திரி ட்யூப் லைட் வெளிச்சத்தில், சுவரில் முதுகை ஒட்டி நின்று, கையை நீட்டி செல்ஃபி எடுத்தேன். பின்னணியில் நிழல் இருக்கிறது என்று பதில் வந்தது. சரி என்று ஒரு ஆப்பில் போட்டு பின்னணியை அழித்து வெள்ளையாக்கி அனுப்பினேன். அதற்கு ‘படம் திருத்தப்பட்டுள்ளது, முக அளவு பொருந்தவில்லை’ என்று வந்திருக்கிறது. எனக்கே அந்தப் படத்தில் மூக்கு பெரிதாகவும் காது உள்ளே போன மாதிரியும் தெரிகிறது, கண்ணாடியில் பார்க்கும் முகமாக இல்லை. அம்மா படத்தில் மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் ட்யூப் லைட் வெள்ளைக் கோடாக விழுந்து கண்ணே தெரியவில்லை.

அவர்கள் கேட்பது 35 x 45 மி.மீ., வெள்ளைப் பின்னணி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கடைசித் தேதிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.

பழையநெகட்டிவ்

ஸ்டுடியோவில் பல வருடம் இந்த சைஸ் போட்டோதான் எடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செல்ஃபியை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் பெரிய மூக்கும் உள்ளே போன காதும் போனின் குறை இல்லை, தூரம் செய்யும் வேலை. கையை நீட்டி எடுக்கும்போது மூக்கு கேமராவிலிருந்து சுமார் 45 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, காது அதற்குப் பின்னால் இன்னும் 12 செ.மீ. தள்ளி. அதாவது காது கால் பங்குக்கும் மேல் அதிகத் தூரத்தில் இருக்கிறது, அந்த அளவுக்குச் சின்னதாக விழுகிறது. இதே போனை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் அதே 12 செ.மீ. வித்தியாசம் எட்டு சதவீதம்தான், முகம் எதிரே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வந்துவிடும். 2018-ல் அமெரிக்காவில் வந்த ஒரு மருத்துவ ஆய்வில்கூட, 30 செ.மீ. தூரத்தில் எடுத்தால் மூக்கின் அகலம், ஒன்றரை மீட்டரில் எடுப்பதைவிட சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மூக்குக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று செல்ஃபியைக் காட்டிக் கேட்கிறவர்களை வைத்துத்தான் அந்த ஆய்வே.

ஆகவே பின் கேமரா, ஒன்றரை மீட்டருக்குக் குறையாத தூரம், 2x ஜூம், எடுக்க இன்னொரு ஆள். ஆள் இல்லையென்றால் அலமாரியில் புத்தகம் அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து 10 நொடி டைமர் போடுங்கள். ஜூம் செய்தால் தெளிவு போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். 35 x 45 மி.மீ. படத்துக்கு அச்சுத் தரத்தில் தேவைப்படுவது 413 x 531 பிக்சல்தான், சாதாரண 12 மெகாபிக்சல் போன்கூட 4000 x 3000 தருகிறது. வெட்டி எடுக்க நிறையவே மிச்சம் இருக்கும்.

லென்ஸ் எப்போதும் கண் உயரத்தில் இருக்கட்டும். மேலேயிருந்து எடுத்தால் நெற்றி பெருத்துத் தாடை சுருங்கும், கீழேயிருந்து எடுத்தால் மூக்குத் துவாரம்தான் முதலில் தெரியும். எடுப்பதற்கு முன்னால் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் ஒரு தடவை துடையுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்குதான் பாதி படங்களில் முகத்தைப் பனி மூடின மாதிரி காட்டுகிறது, யாரும் கவனிப்பதில்லை.

அடுத்தது நிழல். சுவரை ஒட்டி நின்றால் நிழல் விழாமல் இருக்கவே முடியாது. சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் வாருங்கள், நிழல் தரைக்கு இறங்கிவிடும் அல்லது விரிந்து கரைந்துவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்: நெற்றி மினுங்கும், கண் சிவக்கும், தலைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கோடு விழும்.

வெளிச்சத்துக்குப் பகலில் ஜன்னல் போதும், நேர் வெயில் மட்டும் உள்ளே விழக்கூடாது. ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். அறையில் எரியும் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், பகல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் வரும், அதைப் பிறகு சரிசெய்வது பெரிய வேலை.

நூல்கண்டு

பின்னணி அழிக்கும் ஆப்பை மறந்துவிடுங்கள் தென்றல். அது காதோரத்து முடியைக் கத்தரித்துவிடும், தோள் விளிம்பு காகிதத்தில் வெட்டி ஒட்டியதைப் போல இருக்கும். சரிபார்க்கிறவர்கள் பெரிதாக்கிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பல நாடுகளில் டிஜிட்டலாக மாற்றிய படத்தை எடுத்துக்கொள்வதே இல்லை, முகத்தை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்தில் மாற்றிய முகம் குழப்பம் செய்யும் என்பதுதான் காரணம். இன்னொன்று, நிறைய போன்களில் முன் கேமராவில் முகத்தை மெருகேற்றும் ‘பியூட்டி’ வசதி நாம் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். மச்சம், தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை எல்லாவற்றையும் தேய்த்து வழவழப்பாக்கிவிடும். செட்டிங்கில் போய்ப் பாருங்கள், ‘0’ என்று இருக்க வேண்டும். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம், அது காது நுனியையே பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும்.

வெள்ளைச் சுவர் இல்லையென்றால் இஸ்திரி போட்ட வெள்ளைப் போர்வையைக் கதவின் மேல் தொங்கவிடலாம். மடிப்பு தெரியக்கூடாது. சட்டையோ புடவையோ வெள்ளையாக இருக்க வேண்டாம், தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

செல்ஃபியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சில போன்கள் கண்ணாடியில் பார்ப்பதைப் போல இடவலம் மாற்றியே சேமிக்கும். வகிடு மறுபக்கம் போய்விடும், வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்தில் இருக்கும். அடையாளத்துக்கான படத்தில் அது பெரிய தப்பு.

கல்தூண்

அம்மா விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், என் அப்பாவுக்கு எடுத்த அனுபவம் இருக்கிறது.

கண்ணாடி இல்லாமல் எடுக்க விதி இடம் கொடுத்தால் கழற்றிவிடுங்கள், அதுதான் எளிது. அமெரிக்காவில் பாஸ்போர்ட், விசா படங்களுக்கு 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியே போடக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். கழற்றினால் மூக்கின் இரண்டு பக்கமும் பதிந்த தடம் தெரியும், பத்து நிமிடம் முன்னாலேயே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும் என்றால், கண்ணாடியின் காதுப்பக்கக் கம்பியை ஒரு அரை சென்டிமீட்டர் மேலே தூக்கி வையுங்கள். வில்லை லேசாகக் கீழே சாயும், அதில் விழுந்த வெளிச்சமும் கேமராவை விட்டு இறங்கிப்போய்விடும். முகம் அப்படியே நேராக இருக்கும்.

வயதானவர்களை முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார வைப்பது நல்லது, நாற்காலியின் முதுகு படத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு மேசை இருக்கட்டும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. கேமராவைப் பார்த்ததும் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாடையைத் தூக்கிவிடுவார்கள். அப்பா அப்படித்தான் இருந்தார், தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிட்டது, உதடு ஒட்டிக்கொண்டது. ‘நிமிர்ந்து உட்காருங்கள்’ என்று சொல்லச் சொல்ல இன்னும் விறைத்தார். கடைசியில், கண்ணை மூடுங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள், நான் மூன்று எண்ணினதும் திறங்கள் என்றேன். திறந்த அந்த ஒரு நொடியில் எடுத்ததுதான் நல்ல படம். கண் சரியாக விரிந்து, வாய் மூடி, முகம் சாதாரணமாக இருந்தது. ஒரே படத்தோடு நிறுத்தாமல் ஒரு இருபது முப்பது எடுங்கள், அம்மாவுக்கும் நான்காவது ஐந்தாவதிலிருந்து பழகிவிடும்.

தென்றல்22

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை பத்து மணிக்கு எடுத்துப் பார்த்தேன். ஹால் சின்னது, அம்மா சுவரைவிட்டு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் எனக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் போக இடமில்லை, அதனால் வாசல் கதவைத் திறந்துவைத்து வெளி வராந்தாவில் நின்று எடுத்தேன். மூக்கு காது எல்லாம் சரியாகிவிட்டது, இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

ஆனால் இரண்டு பிரச்சினை. ஜன்னல் பக்கவாட்டில் இருப்பதால் அம்மாவின் இடது பாதி முகம் இருட்டாக இருக்கிறது. வெள்ளைச் சுவர் படத்தில் சாம்பல் நிறமாக விழுகிறது. ஆப் வேண்டாம் என்கிறீர்கள், அப்படியென்றால் வெள்ளையாக்குவது எப்படி?

பழையநெகட்டிவ்

இரண்டும் சின்ன விஷயம்தான், நீங்கள் கிட்டத்தட்ட முடித்துவிட்டீர்கள்.

இருட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளை சார்ட் பேப்பரை, முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, படத்தில் விழாத அளவுக்கு யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும். சார்ட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், கன்னத்து இருட்டு கண்ணெதிரே விலகுவது தெரியும். சார்ட் இல்லையென்றால் வெள்ளைத் துண்டு.

சுவர் சாம்பலாவதற்குக் காரணம், கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படம் நிறைய வெள்ளை இருந்தால், வெளிச்சம் அதிகம் போலிருக்கிறது என்று தானாகவே குறைத்துவிடும், சுவரோடு சேர்ந்து முகமும் மங்கும். திரையில் அம்மாவின் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சின்னச் சூரியன் அடையாளம் வரும், அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். சுவர் வெளுக்கும்வரை தள்ளலாம், ஆனால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் தோல் நிறம் போய் வெள்ளைத் திட்டு வந்தால் அது அதிகம், ஒரு படி இறக்குங்கள். சுவர் லேசாகச் சாம்பலாக இருந்தால் பரவாயில்லை, முகம் வெளுத்துப்போனால்தான் ஆகாது.

மஞ்சள்கொடி

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான்கு மாதக் குழந்தைக்கு எப்படி எடுப்பது? தலையே நிற்கவில்லை.

நூல்கண்டு

தரையில் ஜன்னல் பக்கம் வெள்ளைப் போர்வையை விரித்து மல்லாக்கப் படுக்க வையுங்கள், மேலே நேராக நின்று எடுங்கள். உங்கள் நிழல் குழந்தை மேல் விழக்கூடாது, போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒருவர் கிலுகிலுப்பை ஆட்டினால் கண் நேராக வரும். பொம்மை, சூப்பான், தாங்கிப் பிடிக்கும் கை எதுவும் படத்தில் தெரியக்கூடாது. பால் குடித்து முடித்த கையோடு எடுங்கள், அப்போதுதான் வாய் மூடியிருக்கும்.

அளவுகோல்

தென்றல், ‘முக அளவு பொருந்தவில்லை’ என்று வந்ததற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதையும் பார்த்துவிடுங்கள். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு பயண ஆவணங்களுக்கு வகுத்த அளவுப்படி, தாடை முனையிலிருந்து உச்சந்தலை வரை படத்தின் உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் இருக்க வேண்டும். 45 மி.மீ. உயரப் படத்தில் அது சுமார் 32 முதல் 36 மி.மீ. நிறைய இடங்களில் இதைத்தான் பின்பற்றுகிறார்கள், இருந்தாலும் உங்கள் விண்ணப்பத்தின் குறிப்பில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. உச்சந்தலை என்றால் மண்டையின் மேல் விளிம்பு, தூக்கி வாரின முடியின் உயரத்தைச் சேர்க்காதீர்கள்.

எடுக்கும்போது தோள், மார்பு எல்லாம் வரும்படி தாராளமாக எடுங்கள், பிறகு கிராப் செய்யும்போது 7:9 விகிதத்தை (35:45-ஐச் சுருக்கினால் வருவது) பூட்டிவிட்டு வெட்டுங்கள். அளவு பத்தவில்லை என்று படத்தை ஒரு பக்கம் மட்டும் இழுக்கவே கூடாது, முகம் நீண்டுவிடும். போன் எச்.இ.ஐ.சி. (HEIC) என்ற கோப்பு வடிவத்தில் சேமித்தால் பல தளங்கள் ஏற்காது, கேமரா செட்டிங்கிலேயே ஜேபெக் (JPEG) என்று மாற்றிவிடுங்கள். கணினிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அச்சுப் பிரதியும் வேண்டுமென்றால் 4 x 6 அங்குலத் தாளில் எட்டுப் படம் அடங்கும். பிரிண்ட் போடும்போது தாளுக்கு ஏற்ப நிரப்பு என்று இருப்பதை எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று வையுங்கள், வெளியே வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வெட்டுங்கள்.

தென்றல்22

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டு படமும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்!

பக்கத்து வீட்டுப் பையன் சார்ட்டைப் பிடித்தான். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார், கல்தூண் சொன்ன மாதிரி கண்ணை மூடி மூச்சை விட்டு மூன்றுக்குத் திறக்கச் சொன்னேன். பதினேழாவது படம்தான் சரியாக வந்தது. அளந்து பார்த்தேன், தாடையிலிருந்து உச்சி வரை 34 மி.மீ. திரையில் பெரிதாக்கிக் காட்டியதும் அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இதையே பெரிதாக ஒன்று பிரிண்ட் போட்டுத் தா என்றார். அதற்கு எவ்வளவு பிக்சல் வேண்டும்? வெட்டாத மூலப்படம் கையில் இருக்கிறது.

அளவுகோல்

மிகவும் சந்தோஷம். 8 x 10 அங்குலத்துக்கு 2400 x 3000 பிக்சல் இருந்தால் அருமையாக வரும், அதில் பாதி இருந்தாலே சுவரில் மாட்டிப் பார்க்கும் தூரத்துக்குப் போதும். வெட்டாத படத்தையே கொடுங்கள்.