உதை எங்கே போகிறது? காலாட்படையின் விநோத கனரக ஆயுதங்கள்

கெடிலக்கரை (கடலூர்):
தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை என்றாலே பெரிய பீரங்கிப் பேச்சுதான். 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனி அந்தக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது பீரங்கியை வெடித்து, குண்டு எட்டிய எல்லைக்குள் இருந்த ஊர்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. குண்டு கிராமங்கள் என்பது அவைதான். அந்தக் காலத்துக் கோட்டைச் சண்டைகளில் சாதாரண மஸ்கட் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் நடுவே இன்னொன்று உண்டு: மதில் துப்பாக்கி. ஜிஞ்சால் என்பது அதன் இந்திய உறவுக்காரன். நீளம் சுமார் இரண்டு மீட்டர், குழல் வாய் ஓர் அங்குலம் வரை. மஸ்கட் நாலரை கிலோ என்றால் இது அதைப்போல மூன்று நான்கு மடங்கு.

மியூசியத்தில் பார்க்கிறவர்கள் அடிப்பக்கம் குனிந்து பாருங்கள். குழலின் எடை சமமாகும் இடத்தில் இரும்புக் கவையும் முளையும் இருக்கும். முளை மதில் துளையில் இறங்கும், சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் உதை சுவருக்குப் போகும். இன்னும் பழையவற்றில் முளைக்குப் பதில் கொக்கி இருக்கும். அதைச் சுவரின் வெளி விளிம்பில் மாட்டிவிட்டுச் சுடுவார்கள். தோளில் வைக்க மரக்கட்டை இருந்தால் மதில் துப்பாக்கி. கட்டை இல்லாமல் பின்னால் இரும்புக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தால் அது கப்பல் விளிம்பில் பொருத்தும் சுழல் பீரங்கி. பெயர்ப்பலகையை நம்புவதைவிட இதை நம்பலாம்.

இதன் தொல்லை மருந்து கெட்டிப்பதில். வாய்வழியே நிரப்ப வேண்டியது, வாயோ மதிலுக்கு வெளியே. ஒவ்வொரு தடவையும் உள்ளே இழுத்துத் திருப்பியாக வேண்டும். ஒருவன் குழலைப் பிடிக்க, இன்னொருவன் நீளமான கெட்டிப்புக் கோலோடு நிற்பான்.

பழைய ஹவில்தார் (நெய்வேலி):
சுவர் இல்லாத இடத்தில் என்ன செய்தார்கள் என்பதற்கு 18ஆம் நூற்றாண்டின் கை மோர்ட்டாரைப் பாருங்கள். துப்பாக்கிக் கட்டையில் குட்டையான, அகன்ற குழல்; உள்ளே திரி வைத்த கையெறி குண்டு. தோள் தாங்காததால் பலர் கட்டையைத் தரையில் ஊன்றியே சுட்டார்கள். உதை அதில் பெரிய ஆபத்தே இல்லை. குண்டின் திரி பற்றிக்கொண்டு, வெடிமருந்து மட்டும் பற்றாமல் போனால்? திரி உள்ளே எரிந்துகொண்டிருக்கும், குழல் கையில் இருக்கும். அந்த ஆயுதம் பரவாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தரைக்கே உதையைக் கொடுத்ததில் உருப்படியானது இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரின் 89ஆம் வகை 50 மி.மீ. குண்டு எறிகருவி. எடை 4.7 கிலோ. சாய்வு எப்போதும் 45 டிகிரி. தூரத்தை மாற்றத் திருகைத் திருகினால் குண்டுக்கு அடியில் உள்ள காலியிடம் கூடும் குறையும். இடம் கூடினால் வாயு அழுத்தம் குறைந்து குண்டு கிட்டத்தில் விழும். 800 கிராம் குண்டை 670 மீட்டர் வரை போடலாம். அடித்தட்டு வளைவாக இருப்பது மண்ணிலும் மரக்கட்டையிலும் பொருந்துவதற்காக. அதைத் தொடையில் வைத்துச் சுட்டுப் பார்த்த நேச நாட்டு வீரர்களுக்கு எலும்பு முறிந்தது.

முத்தியால்பேட்டை (புதுவை):
புதுவைக் கடற்கரைச் சாலையில் முதல் உலகப்போர் நினைவுச்சின்னம் நிற்கிறது, அந்தப் போரில் பிரெஞ்சுப் படை வைத்திருந்த பீரங்கியைச் சொல்லாமல் போகலாமா? 1916 மாதிரி 37 மி.மீ. காலாட்படை பீரங்கி. மொத்தம் 108 கிலோ, கழற்றினால் ஆட்கள் தூக்கிப் போகலாம். எதிரியின் எந்திரத் துப்பாக்கிக் கூட்டை 1500 மீட்டர் வரை அடிக்கும். உதையை நீர்மத் தணிப்பான் வாங்கிக்கொள்ளும். குண்டு சிறியது என்பதுதான் குறை. பதுங்குகுழியின் கண்துளைக்குள் போனால் வேலை முடியும், மண் சுவரில் பட்டால் ஒன்றும் ஆகாது.

மஞ்சக்குப்பம் (கடலூர்):
உதையையே வேலை வாங்கிய ஆயுதம் ஒன்று உண்டு: டாங்கிகளை அடிக்கும் பிரிட்டிஷாரின் பியட். 1943இல் வந்தது. 15 கிலோ எடை, உள்ளே பெரிய ஸ்பிரிங். முதல் தடவை ஸ்பிரிங்கை ஏற்றச் சுமார் 90 கிலோ இழுவிசை வேண்டும். தோள்தாங்கியை இரு காலாலும் மிதித்து, ஆயுதத்தின் உடலைத் திருப்பிப் பூட்டை விடுவித்து, முதுகு நிமிர மேலே இழுக்க வேண்டும். பதுங்குகுழியில் படுத்துக்கொண்டு இதைச் செய்வது என்றால் யோசித்துப் பாருங்கள். முன்னே உள்ள தொட்டியில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான குண்டை வைத்துச் சுட்டால், உதை ஸ்பிரிங்கைத் தானாக மறுபடி ஏற்றிவிடும். தோளில் தளர்வாகப் பிடித்திருந்தால் ஏறாது. எதிரி டாங்கி 50 மீட்டரில் நிற்க, நீங்கள் எழுந்து நின்று திரும்ப இழுக்க வேண்டியதுதான். மேலே இருந்து கீழ் நோக்கிப் பிடித்தால் குண்டு நழுவி விழுவதும் உண்டு.

ஆனால் பின்னால் நெருப்போ புகையோ கிடையாது, அறைக்குள் இருந்தே சுடலாம். 1944 ஜூன் 12, மணிப்பூர் நிங்தௌகோங்கில் கூர்க்கா வீரர் கஞ்சு லாமா இதைக் கொண்டு இரண்டு ஜப்பானிய டாங்கிகளை அழித்தார். 30 கஜத் தூரத்துக்குள் தவழ்ந்து போன பிறகுதான் சுட்டார். இந்த ஆயுதத்தின் உண்மையான எட்டு தூரம் அதுதான் என்பேன், கையேட்டில் 100 கஜம் என்று போட்டிருந்தாலும்.

கெடிலக்கரை:
@மஞ்சக்குப்பம் அருமை சார். அடுத்த கட்டம் ஹவில்தார் ஐயா சொல்ல வேண்டியது.

பழைய ஹவில்தார்:
106 ஆர்.சி.எல்., அதாவது உதை இல்லாத ‘ரீகாயில்லெஸ்’ பீரங்கி. எடை 200 கிலோவுக்கு மேல், ஜீப்பில்தான் ஏற்றுவோம். தோட்டாக் கூட்டைச் சுற்றிலும் துளைகள்; வாயுவில் ஒரு பங்கு அவற்றின் வழியே வெளிவந்து பின்பக்கத் திறப்பில் பாயும். முன்னே குண்டு போகும் வேகம் பின்னே வாயு போவதால் ஈடாகிறது, அதனால் வண்டி அசையாது. மேலே 12.7 மி.மீ. குறி துப்பாக்கி. குமிழை இழுத்தால் அது சுடும், பட்ட இடத்தில் வெள்ளைப் புகை தெரியும். குறி சரியென்றால் அதே குமிழைத் தள்ளினால் பெரிய குண்டு. முதல் சூட்டிலேயே பின்னால் எழும் புழுதி உங்கள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதனால் சுட்டதும் வண்டியை நகர்த்த வேண்டும். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தாரில் பாகிஸ்தான் டாங்கிகளோடு மோதிய நம் வீரர் அப்துல் ஹமீது கரும்புக் காட்டுக்குள் ஜீப்பை மாற்றி மாற்றி நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். பின்னால் சுவரோ மண்மேடோ இருந்தால் வாயு திரும்பிச் சுட்டவர்மேலேயே அடிக்கும்.

முத்தியால்பேட்டை:
உதையே இல்லாத மைசூர் ராக்கெட்டை விட்டுவிட்டோமே. 1782இல் ஹைதர் படையும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து கடலூரைப் பிடித்தன, ஆகையால் நம்ம ஊருக்கும் அது அந்நியமில்லை. அடித்துச் செய்த இரும்புக் குழாய், சுமார் 20 செ.மீ.; தோல்வாரால் நாலடி மூங்கிலில் கட்டுவார்கள். காகித உறையைவிட இரும்பு கூடுதல் அழுத்தம் தாங்கும், அதனால்தான் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் போயிற்று. மாட்டு வண்டிக் குலுக்கலில் உள்ளே கெட்டித்த மருந்தில் விரிசல் விட்டால், எரியும் பரப்பு திடீரென்று பெருகிக் குழாய் வெடிக்கும். மூங்கில் வளைந்திருந்தால் பாதை வளையும். பக்கக் காற்றில் இன்னொரு விசித்திரம்: மருந்து எரியும் வரை ராக்கெட் காற்றோடு ஒதுங்காது, காற்றை எதிர்த்து மூக்கைத் திருப்பும், ஏனென்றால் நீண்ட மூங்கில் வாலைத்தான் காற்று தள்ளுகிறது. கடற்காற்று வீசும் பிற்பகலில் கரையோரமாக விட்டால் அது கடல் பக்கமே சாயும்.