வரலாறு படிக்க மகளைப் பினாங்குக்கு அனுப்பலாமா?

பீடோங் அப்பா:
மகள் எஸ்டிபிஎம், அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் எழுதும் தேர்வு, முடித்தாள். பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், அதான் யூஎஸ்எம்மில், வரலாறு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சுங்கைப்பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரி கணக்கியல் தருகிறேன் என்கிறது. நான் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன், இவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர் படிக்கிறார்கள். பேர் அறிவியல் பல்கலைக்கழகம், ஆனால் உள்ளே மருந்தியல், கட்டடக்கலை, நாடகம், வரலாறு என்று எல்லாமே இருக்கிறது. இத்தனையும் ஒரே இடத்தில் எதற்கு? இதில் நம்ம பிள்ளை எதை நம்பிப் போகலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, கணக்கியல். யோசிக்கவே வேண்டாம். நானும் பீடோங்தான். பட்டம் வாங்கியது இப்படி ஒரு கலைத்துறையில், எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை. அம்மா பால்மரம் வெட்டிய காசில் போனேன், திரும்பி வந்து இரண்டு வருடம் பேரங்காடியில் சரக்கு அடுக்கினேன், பிடிபிடிஎன் என்ற அரசாங்கப் படிப்புக் கடன் கழுத்தில் தொங்கியது. அப்புறம் இரவு வகுப்பில் கணக்கு படித்துத்தான் நிமிர்ந்தேன். ஐம்பது துறை திறந்து வைப்பது பல்கலைக்கழகத்துக்குப் பெருமையாக இருக்கலாம். நாலே துறை வைத்து உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

செமிலிங்காரன்:
தம்பி, உன் கஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நீ தினமும் தாண்டிப் போகிற சுங்கை பத்துவை எடுத்துக்கொள். செம்பனை நின்ற மண் அது. 2009-இல் யூஎஸ்எம் ஆய்வாளர்கள் அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். இரும்பு உருக்கிய இடங்கள், உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாய்கள், படகுத்துறை, செங்கல் கட்டுமானம் எல்லாம் வந்தது. இதை வரலாற்றுக்காரர் மட்டும் செய்ய முடியுமா? எங்கே தோண்டுவது என்று பார்க்க மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அளக்கும் புவி இயற்பியல்காரர் வேண்டும், கரியையும் செங்கல்லையும் வைத்துக் காலம் கணிக்க இயற்பியலும் வேதியியலும் வேண்டும். எல்லாத் துறையும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது இதற்குத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நம்ம கெடா மண்தான் அந்தக் காலத்துக் கடாரம். 1025-இல் ராஜேந்திர சோழன் படை வந்தது இங்கேதான். அதற்கு முன்னால் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய புத்த விகாரத்துக்குச் சோழர்கள் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்த செப்பேடு இருக்கிறது. அந்தத் தமிழை வாசிக்கத் தெரிந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை இந்த ஆய்வுக்குள் போனால் எவ்வளவு பெரிய விஷயம்! 2013-இல் இதே பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு சண்டியையே, அதாவது பழங்காலக் கோயிலையே, இடித்துப் போட்டார்கள், இடித்த பிறகுதான் நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

தாதி அக்கா:
என் பக்கத்திலிருந்து ஒன்று. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில்தான் இது வேறு கிருமி என்று பிரித்தெடுத்தார்கள், அதுதான் நிப்பா. அதற்குள் நோய் நெகிரி செம்பிலான் வரை பரவி, மொத்தம் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். கிருமி பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது என்று அப்புறம் தெரிந்தது. வௌவாலைப் பற்றிப் படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் நாம் என்ன கேட்போம்? அதில் சம்பளம் உண்டா என்றுதானே.

கணக்குப்பிள்ளை:
ஆமாம் அக்கா, சம்பளம்தான் கேட்பேன், கேட்க வேண்டிய நிலையில்தான் அவர் வீடு இருக்கிறது. நீங்கள் இருவரும் சொன்னதெல்லாம் முனைவர்கள், பெரிய டாக்டர்கள் செய்த வேலை. முதலாண்டு வரலாற்று மாணவி கையில் யாரும் கரண்டியைக் கொடுத்துத் தோண்டு என்று சொல்லப்போவதில்லை. பட்டம், முதுகலை, முனைவர் என்று போனால் பத்து வருடம். அதுவரை தங்கச்சி தம்பிக்குப் பள்ளிச் செலவு யார் பார்ப்பது? ஆராய்ச்சி நாட்டுக்கு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதன் விலையை ஏன் ஒரு லோரிக்காரர் குடும்பம் கொடுக்க வேண்டும்?

செமிலிங்காரன்:
இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை தம்பி. தொல்லியல் ஆய்வெல்லாம் அங்கே மேற்படிப்பு அளவில் நடப்பதுதான், நீ சொன்னது சரி. ஆனால் விலை என்று பேசினால் அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது, தனியார் கல்லூரியில் முழுசையும் நீயே கட்டணும். கணக்கியலுக்கும் கடன்தான் வரும், அநேகமாக இதைவிடப் பெரிய கடன். அப்புறம், வரலாறு படித்துக்கொண்டே மேலாண்மையோ வேறு ஒன்றோ துணைப்பாடமாக எடுக்க முடியுமா என்று அண்ணன் அங்கே கேட்கட்டும். நாலே துறை இருக்கிற இடத்தில் அந்தக் கதவே கிடையாது.

கணக்குப்பிள்ளை:
துணைப்பாடம் கிடைக்கும் என்றால் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் அண்ணே, எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பாடம், எந்த ஆண்டிலிருந்து, விடுதிக்கு எவ்வளவு, போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள். எனக்கு இதைக் கேட்கச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை.

பீடோங் அப்பா:
எல்லாருக்கும் நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். செப்பேடு பற்றிச் சொன்னதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பதினைந்து வருடமாக லோரியில் சுங்கை பத்துவைத் தாண்டிப் போகிறேன், ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. இந்த ஞாயிறு அவளைக் கூட்டிப் போகிறேன். திங்கள் காலையில் தம்பி சொன்ன நாலு கேள்வியோடு பல்கலைக்கழகத்துக்கு போன் போடுகிறேன்.