தனியாக நெடும்பயணம்: செயின், பஞ்சர், தூக்கம். ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

மைல்கல்:
வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் 11 நாள் தனிப் பயணம். வண்டி 350 சிசி, ஒற்றை சிலிண்டர், ஓ-ரிங் செயின் (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ளது), ட்யூப்லெஸ் டயர், சென்டர் ஸ்டாண்டு உண்டு. இரண்டு பக்கப் பைகளும் சேர்த்து 18 கிலோ. நாளொன்றுக்கு 350 கி.மீ. என்று வைத்திருக்கிறேன். செயினுக்கு லூப் (மசகு ஸ்பிரே) அடிப்பது காலையிலா, இரவிலா? மூட்டை ஏற்றினால் செயின் தளர்வு மாறுமாமே, அதை எப்படி அளப்பது? நடுவழியில் பஞ்சரானால் தனி ஆளாகச் சமாளிக்க என்னென்ன வேண்டும்? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குவதற்கு என்ன வழி?

பல்சக்கரம்:
லூப் இரவில்தான், அதுவும் வண்டியை நிறுத்திய கையோடு. ஓடி வந்த சூட்டில் அது இளகி ரோலர்களுக்குள் இறங்கும். கலந்திருக்கும் கரைப்பான் இரவோடு இரவாக ஆவியாகி, பசை மட்டும் ஒட்டி நிற்கும். காலையில் அடித்த கையோடு கிளம்பினால் பாதி தெறித்து ரிம்மிலும் டயரிலும் படியும். 500 முதல் 700 கி.மீ.க்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு, ஆக உங்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு மாலை. மழையில் ஓடிய நாள் என்றால் அன்றைக்கே.

சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயின் துடைக்கவே கூடாது. துணி சிக்கினால் விரலும் கூடவே ஸ்ப்ராக்கெட்டுக்குள் (செயின் ஓடும் பல்சக்கரம்) போகும். அழுக்கு எடுக்க மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் ஓ-ரிங் ரப்பரைக் கெடுக்கும், கம்பி பிரஷ் அதைக் கிழிக்கும். லூப்பைக் கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் அடியுங்கள். சுற்றும்போது தானாக வெளிப்பக்கம் பரவும். பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

தளர்வு விஷயம்தான் முக்கியம். பாரம் ஏறினால் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) மேலே எழும்பும். அதன் பிவட் (கீல்), பின் ஆக்சில் (சக்கர அச்சு), முன் ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். வெறும் வண்டியில் சரியாகத் தெரிந்த செயின், மூட்டையோடு ஒரு குழியில் இறங்கும்போது கம்பி மாதிரி விறைக்கும். அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் ஷாப்டின் பேரிங்கில் விழும். கொஞ்சம் தளர்வாக இருப்பதைவிட இறுக்கமாக இருப்பதுதான் ஆபத்து.

முதலில் பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கம்) ஒன்றிரண்டு படி கூட்டுங்கள். பிறகு மூட்டை இல்லாமல், கையேடு சொல்லும் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ச் செயினின் நடுப்பகுதி விரலுக்கு மேலும் கீழும் எவ்வளவு அசைகிறது என்று அளந்து பாருங்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமாக வருகிறதோ அங்கே அளக்க வேண்டும். கையேடு 20 முதல் 30 மி.மீ. என்றால் 30-ஐ ஒட்டி வையுங்கள். கடைசியில் மூட்டையைக் கட்டி நீங்கள் ஏறி உட்கார, வேறொருவர் கீழ்ச் செயினை விரலால் தூக்கிப் பார்க்கட்டும். அப்போதும் தாராளமாக அசைய வேண்டும்.

திருத்துவதாக இருந்தால் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். நட்டை முறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். முறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடும். பின்னால் டிரம் பிரேக் என்றால் பெடல் ஆட்டமும் மாறியிருக்கும், அதையும் பாருங்கள்.

இன்னொன்று: கிளம்பும் முன் ஆக்சில் நட், பிரேக் காலிப்பர் போல்ட், மூட்டை கட்டும் கேரியர் போல்ட் எல்லாவற்றிலும் பெயின்ட் பேனாவால் போல்ட்டின் மேல் தொடங்கி அடிப்பாகம் வரை ஒரே கோடு இழுங்கள். தினமும் காலையில் ஸ்பேனர் எடுக்க வேண்டியதில்லை. கோடு முறிந்திருந்தால் அந்த போல்ட் நகர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். ஒற்றை சிலிண்டரின் அதிர்வுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது.

காற்றழுத்தம்:
பஞ்சருக்கு வேண்டியவை: அரம் போன்ற துளையூசி, செருகூசி, ரப்பர் திரி ஐந்தாறு, ரப்பர் பசை, பிளையர், பிளேடு, பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர். கம்ப்ரசர் மக்கர் செய்தால் கைகொடுக்க ஒரு சிறிய கைப்பம்பு.

ஆணியைப் பார்த்த உடனே பிடுங்காதீர்கள். மெல்லக் காற்று இறங்கினால், அந்த ஆணிதான் ஓட்டையை அடைத்து வைத்திருக்கிறது. சமதளமான, பாதுகாப்பான இடம் வரை மெதுவாகப் போய்விடலாம். அங்கே ஓட்டை மேலே தெரியும்படி சக்கரத்தைத் திருப்பி, ஆணி எந்தச் சாய்வில் போயிருக்கிறது என்று கவனித்துவிட்டு இழுங்கள். துளையூசியை அதே சாய்வில் விட வேண்டும். நேராகக் குத்தினால் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழும், திரி நிற்காது. பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் அராவுங்கள். திரியைச் செருகூசியில் கோத்துப் பசை தடவி, இரண்டு முனையும் வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கும்வரை அழுத்தி, ஊசியைச் சுழற்றாமல் வெடுக்கென்று இழுங்கள். காற்றடித்த பிறகு எச்சில் தடவிப் பாருங்கள், குமிழி வரக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் ஓட்டை என்றால் திரி வேண்டாம். அந்த இடம் உருளும்போதெல்லாம் மடங்குவதால் திரியைக் கக்கிவிடும்.

காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். ஓடிச் சூடானால் சில பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) ஏறிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைந்த அழுத்தத்தில் கிளம்புவீர்கள்.

விடியல்வண்டி:
தூக்கத்தோடு சண்டை போட வேண்டாம். பாட்டுக் கேட்பதும் முகம் கழுவுவதும் சில நிமிடத்துக்குத்தான். மதியம் 1 மணி முதல் 4 வரை உடம்பே தூக்கம் கேட்கும் நேரம். விடிந்ததும் கிளம்பி, மதியத்துக்குள் 220 கி.மீ. முடித்துவிட்டால் அந்த நேரத்தை ஓய்வுக்கு விட்டுவிடலாம். சாப்பாட்டைப் பாதி வயிற்றோடு நிறுத்துங்கள். ஒரு காபி குடித்து, உடனே 20 நிமிட அலாரம் வைத்துப் படுங்கள். காபி வேலை செய்யத் தொடங்க அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்றே நினைவில்லை என்றால், அடுத்த ஊர் வரை என்று இழுக்காமல் அங்கேயே நில்லுங்கள்.

90 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கித் தண்ணீர். காதில் நுரை அடைப்பான் போடுங்கள்; மாலைக் களைப்பில் பெரும்பங்கு ஹெல்மெட்டுக்குள் இரையும் காற்றுதான். காற்றின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் ஜாக்கெட்டைத் திறந்து ஓட்டுவது உடம்பைக் குளிர்விக்காது, உலர்த்தும். உள்பனியனை நனைத்துப் போட்டு ஜாக்கெட்டை மூடிக்கொள்ளுங்கள்.

மைல்கல்:
மூவருக்கும் மிக்க நன்றி. ஓய்வெடுத்தால் கடைசி 50 கி.மீ. இருட்டில் போக வேண்டி வருமே?

விடியல்வண்டி:
அப்படியானால் அன்றைய தூரத்தை 300 ஆக்குங்கள். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். கண் கண்டு கை பிரேக்கைப் பிடித்து வண்டி நிற்பதற்குள், காய்ந்த சாலையிலேயே 70 மீட்டர் ஆகிவிடும். ஹெட்லைட்டின் லோ பீமில் அவ்வளவு தூரம் தெளிவாகத் தெரியாது.

இருட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரமும் கவனம். உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீளமாக விழுந்தால் சூரியன் எதிரே வருபவர் கண்ணில் இருக்கிறது. உங்களுக்குச் சாலை பளிச்சென்று தெரியும், அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். முந்துகிறவர்கள் உங்கள் பாதைக்குள் வருவார்கள் என்றே வைத்துக்கொண்டு ஓரமாக வாருங்கள்.

பல்சக்கரம்:
பின்னால் பாரம் ஏறினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், அதையும் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். சுவரிலிருந்து 5 மீட்டரில் மூட்டையில்லாமல் ஏறி உட்கார்ந்து, லோ பீமின் மேல் விளிம்பு விழும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். மூட்டை கட்டி அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்து, வெளிச்சம் டேப்புக்கு இறங்கும்வரை ஹெட்லைட் ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும்.