பெரியப்பா விட்டுப் போன கி.ரா. பெட்டிகள்: பிரித்துக் கொடுக்கலாமா?

சாத்தூர்க்காரி எழுதியது:
வணக்கம். போன ஐப்பசியில் என் பெரியப்பா தவறிவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (கி.ரா.) என்றால் அவருக்கு உயிர். 1970களிலிருந்து கி.ரா. எழுதியது எது கண்ணில் பட்டாலும் கத்தரித்து எடுத்து வைத்திருக்கிறார். இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் பத்திரிகைத் துண்டுகள், முதல் பதிப்புகள், அப்புறம் ஒரு பிஸ்கட் டின்னில் கி.ரா. அவருக்கு எழுதிய 43 கார்டுகள், 11 இன்லேண்டு கடிதங்கள்.

நேற்று ஒரு கார்டைக் கையில் எடுத்தேன். குண்டூசி துருப்பிடித்து இரண்டு எழுத்தைத் தின்றிருந்தது. பின்பக்க ஓரத்தில் பெரியப்பா பென்சிலில் ‘பதில் போட்டாச்சு’ என்று தேதியோடு குறித்திருக்கிறார். அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கார்டுகளை லேமினேட் செய்து சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடு, புத்தகங்களை ஊர் நூலகத்தில் போடு, துண்டுகளை எடைக்குப் போடு என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்வது சரி?

கோவில்பட்டி வாசகன்:
அம்மா, தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புத்தகம் மறுபதிப்பு வந்துவிடும். ஒரு சிறுபத்திரிகையில் ஒரே தடவை வந்து புத்தகத்தில் சேராமல் போன கட்டுரை இருந்தால் அது அந்தத் துண்டில்தான் இருக்கும். கி.ரா. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தவர், கிராமம் கிராமமாகக் கதை சேகரித்தவர். அப்படிப்பட்டவர் ஒரு வாத்தியாருக்கு எழுதிய கார்டில் ஒரு சொல்லுக்கு இந்த ஊரில் என்ன பொருள், அடுத்த ஊரில் என்ன பொருள் என்று நாலு வரி இருந்தாலே போதும், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது புதையல்.

உடனே செய்ய வேண்டியது: குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், சூட்டில் ஒட்டின பிளாஸ்டிக்கை அப்புறம் பிரிக்க முடியாது. செல்லோ டேப்பும் கூடாது, அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ராமபாணப் பூச்சி இருக்கிறதென்று வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும், மையும் வெளிறிவிடும். ஈரமில்லாத அறையில், தரையைத் தொடாமல், அமிலமில்லாத தாளில் சுற்றி வைத்தால் போதும்.

பழைய தாள்:
பிரிப்பதைப் பற்றி என் அனுபவம். என் மாமனார் சேர்த்த நாட்டுப்பாடல் நோட்டுகளை ஒரு நூலகத்துக்குக் கொடுத்தோம், பெயர் வேண்டாம். புத்தகங்களைத் தனி அலமாரியில் அடுக்கினார்கள், நோட்டுகளை மூட்டை கட்டினார்கள், எந்த நோட்டு எந்த ஊர்ப் பாட்டு என்று அவர் எழுதிச் செருகியிருந்த சீட்டுகளைக் குப்பை என்று தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் பாட்டுகளை யார் பாடினார்கள் என்று சொல்ல ஆளில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் எதையும் நகர்த்துவதற்கு முன்னால் பெட்டி இருக்கிற நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா எதோடு எதைச் சேர்த்து வைத்தாரோ அதுவும் ஒரு தகவல்தான். கார்டின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள். தேதி இல்லாவிட்டாலும் அஞ்சல் முத்திரை காட்டிக் கொடுக்கும். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. அனுப்பிய ஊர் கி.ரா.வின் சொந்த ஊரான இடைசெவலா, புதுச்சேரியா என்பதும் முக்கியம், அவர் புதுவைக்குப் போனது 1989இல்.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் சேர்த்த சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் இறந்த பிறகு சிதறாமல் மொத்தமாகக் கைமாறியதால்தான் இன்று சென்னையில் ஒரு நூலகமாக நிற்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள். பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையிலும் கேட்கலாம்.

வக்கீல் குமாஸ்தா:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கார்டு உங்களுடையது, அதிலுள்ள எழுத்து உங்களுடையது இல்லை. கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. கி.ரா. மறைந்தது 2021 மே மாதம், ஆகவே நம் காலத்தில் அந்த உரிமை முடியாது. படம் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் போடுவதற்கு முன் குடும்பத்தாரிடம் கேட்டுவிடுங்கள். கடிதத்தில் மூன்றாம் மனிதர்களின் வீட்டு விஷயமும் இருக்கும்.

சாத்தூர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. குண்டூசிகளை எடுத்துவிட்டேன், மொத்தம் 29. கோவில்பட்டி அண்ணன் சொன்னது சரிதான், ஒரு கார்டு முழுக்க ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான். பிரிக்கப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அண்ணா, அமிலமில்லாத தாள் நம் பக்கம் எங்கே கிடைக்கும்?

கோவில்பட்டி வாசகன்:
மதுரையில் விசாரித்துச் சொல்கிறேன் அம்மா. அதுவரை டின் மூடியை இறுக்கி மூடாதீர்கள்.