புதுப்பிப்பு: "ஐ டிடின்ட் வென்ட்" ஒருவழியாக ஓய்ந்தது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: ஆங்கில வினைகளின் இறந்தகால வடிவங்களை அகரவரிசையில் உருப்போட்டும், பேசும்போது "ஐ டிடின்ட் வென்ட்" என்றே வாயில் வருகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதல் வேலையாக அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டேன். இப்போது ஓசையை வைத்துத்தான் படிக்கிறேன். சிங்–சேங், ரிங்–ரேங் ஒரு கூட்டம். திங்க்–தாட், பை–பாட், டீச்–டாட் இன்னொன்று. கட், புட், ஹிட் எல்லாம் பரம சாதுக்கள், மாறவே மாறாது. ரீட் விஷமி, எழுத்து அப்படியே இருக்கும், இறந்தகாலத்தில் 'ரெட்' என்று வாசிக்க வேண்டும். இதற்கிடையே சிங்–சேங்கை நம்பி 'பிரிங்–பிரேங்' என்று சொல்லி மாட்டிக்கொண்டதும் உண்டு. (பிராட்தான் சரி.)

'கோ'வுக்கும் 'வென்ட்'டுக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்தேன் இல்லையா? அது வேறு வீட்டுப் பிள்ளையாம். 'செண்ட்' (send) 'சென்ட்' (sent) ஆவதுபோல, 'வெண்ட்' (wend) என்ற பழைய வினையின் இறந்தகாலம் அது. 'கோ' தத்தெடுத்துக்கொண்டது.

உண்மையில் என்னைக் காப்பாற்றியது தமிழ்தான். நாம் 'போகவில்லை' என்கிறோம். 'போனவில்லை' என்று யாராவது சொல்வார்களா? ஆங்கிலத்திலும் 'டிட்' ஒன்றே காலத்தைச் சுமந்துவிடுகிறது, பின்னால் வெறும் 'கோ' போதும். இது புரிந்த பிறகு அந்தத் தவறு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கிடத்து என்னும் 'லே', படு என்னும் 'லை' இரண்டும்தான் இன்னும் குழப்புகின்றன. அந்த 'லை'க்கு இறந்தகாலமும் 'லே'யாம்!