ஹிஃப்ழு (குர்ஆன் மனப்பாடம்) காலையிலேயே முடிந்துவிடுகிறது, கணக்குதான் மாட்டிக்கொள்கிறது: வீட்டிலேயே படிக்க வைப்பவர்கள் சொல்லுங்கள்

கடலோர வீடு எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். காயல்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். மூத்தவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. போன வருஷம் பெருநாள் கழிந்ததும் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறேன். மகள் ஹிஃப்ழு ஓதுகிறாள். பள்ளிக்கூடமும் மக்தபுமாக (குர்ஆன் வகுப்பு) ஓடிய காலத்தில் இஷா என்ற இரவுத் தொழுகைக்குள் சோற்றுத் தட்டிலேயே தூங்கி விழுவாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் எடுத்த முடிவு. இவுஹ வாப்பா ஹாங்காங்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சம்மதம்தான்.

விடிகாலை ஃபஜ்ர் தொழுத கையோடு குர்ஆனை எடுத்து உட்காருவாள். புதுப் பாடம் அரைப் பக்கம். எட்டு மணிக்கு ஆலிமா (மார்க்கம் படித்த ஆசிரியை) வந்து பாடம் கேட்பார்கள், பிறகு பத்து வரை தவ்ர், அதாவது பழைய பாடத்தைத் திருப்பி ஓதுவது. மாஷா அல்லாஹ், குர்ஆனின் 30 பாகத்தில் 9 ஜுஸ்உ (பாகம்) ஆகிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பிள்ளை முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மத்தியானம் ஒரு தூக்கம். அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகு உட்கார வைக்கலாம் என்றால், தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த நேரம்தான் வாசலில் வந்து நின்று கூப்பிடும். 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னால் 2/7 என்கிறாள். எத்தனை தடவை விளக்கினாலும் மறுநாள் அதே 2/7.

என் உம்மா, "ஓதுற பிள்ளைக்கு அல்லா அறிவைத் திறந்து குடுப்பான், போட்டுப் படுத்தாதே" என்கிறார்கள். மதினி வந்தால், "நாளைக்கு ஒரு சர்டிஃபிகேட் வேண்டாமா மச்சி?" இரண்டு பக்கமும் இடி. எந்தப் பரீட்சையை வைத்துப் போவது என்றும் தெரியவில்லை.

போதாக்குறைக்கு, சொந்த ஆசைக்காக குர்ஆனின் சூரா (அத்தியாயம்) ரஹ்மானைத் தனியாகப் பாடம் பண்ணுகிறாள். பாதியில் திடீரென்று பின்னால் உள்ள ஆயத்துக்கு (வசனத்துக்கு) தாவிவிடுகிறாள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஓதிக்கொடுப்பவன் எழுதியது:

வ அலைக்கும் ஸலாம். ரஹ்மானை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

78 ஆயத்தில் 31 தடவை 'ஃபபிஅய்யி ஆலாஇ ரப்பிகுமா துகத்திபான்' வருகிறது. அதைச் சொல்லி முடித்ததும் அடுத்து எது என்பதில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள். அநேகமாக உங்கள் மகள் தாவுவது 50-லிருந்து 66-க்கு இருக்கும். முன்னதில் 'ஃபீஹிமா ஐனானி தஜ்ரியான்', பின்னதில் 'ஃபீஹிமா ஐனானி நள்ளாகதான்'. தொடக்கம் ஒன்றுதான். 52-ம் 68-ம் இப்படியே ஒன்றையொன்று இழுக்கும். நான் செய்வது: திரும்பத் திரும்ப வரும் அந்த 'ஃபபிஅய்யி' ஆயத்தைத் தவிர்த்து மற்ற ஆயத்துகளின் முதல் சொல்லை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்வேன், கையால், அவர்களே. அந்தத் தாளைப் பார்த்து ஒரு வாரம் ஓதட்டும், பிறகு தாளை வாங்கி வைத்துவிடுங்கள். சிக்கலான ஜோடிகளை மட்டும் சூராவுக்கு வெளியே எடுத்து அடுத்தடுத்து ஓதவும் பழக்குங்கள்.

இன்னொன்று. 9 ஜுஸ்உ ஆன பிள்ளைக்குப் புதுப் பாடத்தைவிட தவ்ர்தான் முக்கியம். ஊரில் யார் பிள்ளை எத்தனை ஜுஸ்உ என்ற போட்டிக்கு இறங்காதீர்கள். பாடம் சுமையாகத் தெரிகிற மாதத்தில் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டுப் பழையதை மட்டும் கேளுங்கள்.

நாகை உம்மா எழுதியது:

தங்கச்சி, என் பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டில் படித்தவர்கள். பெரியவர்களாகிவிட்டார்கள். கணக்கைக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்காதே. அதிலும் பின்னத்தை.

பராயிள், அதாவது சொத்துப் பாகம் பிரிக்கும் கணக்கை எடு. வாரிசுப் பங்குக்குக் குர்ஆனில் வருகிற பின்னங்கள் மொத்தமே ஆறுதான்: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. அந்நிஸா ஓதியிருந்தால் அவளுக்கு ஆயத்தும் தெரிந்திருக்கும். ஒருவர் மவுத்தாகிவிட்டார். மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு மகள்கள். விட்டுப்போனது 24 ஏக்கர். மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. இரண்டையும் கூட்டு என்று சொல். 2/14 என்பாள். சொல்லட்டும், திருத்தாதே. 24 ஏக்கரில் 2/14 எவ்வளவு என்று பார்க்கச் சொல். மூன்றரை ஏக்கர்கூட வராது. தாய்க்கு மட்டுமே 4 போக வேண்டுமே என்று அவளுக்கே உறைக்கும். மனைவிக்கு 3, தாய்க்கு 4, மீதி 17. மகனுக்கு இரண்டு பங்கு, மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு என்று பிரித்தால் எட்டரை, நாலேகால், நாலேகால். பொதுப் பகுதி எதற்கு என்று நீ ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை. அல்ஜீப்ராவுக்குப் பெயர் வந்ததே அல்குவாரிஸ்மியின் நூலிலிருந்து. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்துகொண்டு அவர் எழுதிய அந்த நூலில் பெரிய பகுதி இந்த வாரிசுக் கணக்குதான்.

மகனுக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்பாள். என் மகளும் கேட்டாள். குடும்பச் செலவு ஆண்பிள்ளை பொறுப்பு என்று கிதாபில் உள்ளதைச் சொன்னேன். "நம்ம வீட்டுல தையல் தச்சு செலவு பண்றது நீங்கதானே?" என்றாள். வாப்பாகிட்ட கேளு என்று தள்ளிவிட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவள் இப்போது சட்டம் படிக்கிறாள்.

அறிவியலுக்கு மொட்டை மாடி போதும். ஒரு குச்சியை நேராக நட்டு, லுஹர் என்ற மதியத் தொழுகைக்குச் சற்று முன்னாலிருந்து நிழலை அளக்கச் சொல். மிகச் சின்னதாகிற நேரம்தான் உச்சி. பிறகு நிழல் நீளும். உச்சி நிழலோடு குச்சியின் உயரமும் சேர்ந்த அளவுக்கு வந்தால் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) அஸர் நேரம், குச்சியின் உயரம் இரண்டு மடங்கு சேர்ந்தால் ஹனஃபியில். பள்ளிவாசல் கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும், ஐந்து நிமிஷம் முன்னே பின்னே வந்தால் எங்கே பிசகியது என்று தேடுவது தனிப் பாடம். உங்கள் ஊரில் ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் உச்சி நேரத்தில் நிழலே இருக்காது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை உச்சி நிழல் தெற்கே விழும். என் சின்னவன் அதைக் கண்டுவிட்டு, யாரோ குச்சியைப் பிடுங்கி மாற்றி நட்டுவிட்டார்கள் என்று அண்ணனோடு சண்டைக்கே போனான். பூமியின் சாய்வைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்கவில்லை.

மே 28 மதியம் 2.48-க்கும், ஜூலை 16 மதியம் 2.57-க்கும் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். அந்த நிமிஷத்தில் குச்சியின் நிழலுக்கு நேர் எதிர்த்திசை கிப்லா, தொழுகைக்கு முகம் திருப்பும் திசை. வீட்டு முஸல்லா (தொழுகை விரிப்பு) சரியாக விரித்திருக்கிறதா என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

நோன்புக்கு முன்னால் ஸகாத் (கட்டாய தர்மம்) கணக்கையும் அவளிடமே கொடு. 85 கிராம் தங்கம் என்ற வரம்பு, கொடுப்பது 40-ல் ஒரு பங்கு, அன்றைய விலை. சதவீதம் தானாக வரும். (போட்டுக்கொள்ளும் நகைக்கு ஸகாத் உண்டா இல்லையா என்ற பஞ்சாயத்தை யாரும் இங்கே தொடங்க வேண்டாம். அவரவர் மத்ஹபு அவரவருக்கு.)

நேரம் பற்றி: பத்து மணிக்குக் குர்ஆனை மூடியதும் புத்தகத்தை நீட்டாதே. சந்தைக்கு அனுப்பு, அடுப்படிக்குக் கூப்பிடு. பதினொன்றரைக்கு மேல் அரை மணி நேரம் போதும். அஸருக்குப் பிறகு விளையாட்டுதான். அதில் கை வைக்காதே.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

அம்மா, நான் முஸ்லிம் இல்லை. அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவன். தேர்வு பற்றி மட்டும் சொல்கிறேன்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கானது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும் பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தை விடுங்கள்.

இரண்டு வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது முடிந்தால் தமிழ்நாட்டு 8-ஆம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அல்லது 14 வயது ஆனதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், நேராகப் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் தேறினால் போதும். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு, தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டாம். தமிழ் வழியிலும் உண்டு. அரபியையே ஒரு பாடமாக எடுக்கலாம், உங்கள் மகளுக்கு அது கை வந்ததுதானே. பாடநூல் கழகத்தின் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, வாசிப்புக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நாகையிலிருந்து எழுதிய அம்மாவின் குச்சி அருமை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. மாடியில் குச்சி நடலாம், அமிலமும் காரமும் எங்கே பார்ப்பாள்? அறிவியல் எடுத்தால் செய்முறைத் தேர்வு உண்டு. அதைவிடப் பெரிய சங்கதி, எழுத்து. வீட்டில் படித்து வந்த பிள்ளைகளைத் தேர்வறையில் நான் பார்த்திருக்கிறேன். வாயால் கேட்டால் அத்தனை பதிலும் வரும், மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதக் கை வராது. ஒரு மணி நேரத்தில் விரல் வலிக்கிறது என்று பேனாவை வைத்துவிடும். மனப்பாடம் வலுவாக உள்ள பிள்ளைக்கு இது இன்னும் அதிகம், எழுதிப் பார்க்கும் தேவையே அதற்கு வந்திருக்காது. இப்போதிருந்தே தினம் ஒரு பக்கம் தமிழில் சொந்தமாக எழுதட்டும். பார்த்து எழுதுவது கணக்கில் சேராது.

கடலோர வீடு எழுதியது:

ஜஸாகல்லாஹ் கைர் எல்லோருக்கும். வாத்தியார் ஐயாவுக்கு நன்றி, எழுத்து விஷயம் என் தலையிலேயே இல்லை.

ராத்தா, பராயிள் கணக்கைக் கொடுத்தேன். நீங்கள் சொன்னவரை வைத்துப் போடாமல், எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே, அதனால் வீட்டை ஒதுக்கிவிட்டு மீதிக்குப் பங்கு போட்டிருக்கிறாள். "உயிரோட இருக்கிறவளுக்கே பாகம் பிரிக்கிறீங்களா" என்று உம்மா சத்தம் போட்டார்கள். அப்புறம் அவர்களே நோட்டை வாங்கிப் பார்த்து, தோட்டத்தை விட்டுவிட்டாயே என்று சேர்க்கச் சொன்னார்கள்! 1/8-ம் 1/6-ம் சரியாக வந்துவிட்டது. 1/3-ம் 1/4-ம் இன்னும் தடுமாற்றம்தான், ஆனால் 2/7 என்று எழுதிவிட்டு அவளே அடித்துவிடுகிறாள்.

ஹஸ்ரத், நீங்கள் சொன்னது அப்படியே சரி, தாவியது 66-க்குத்தான். ஆலிமாவிடம் காட்டினேன், அவர்கள் மற்ற பிள்ளைகளுக்கும் தாள் எழுத வைக்கிறார்கள்.

என்.ஐ.ஓ.எஸ். என்று முடிவு செய்திருக்கிறோம். மையம் பக்கத்தில் கிடைக்குமா? பெண்பிள்ளை, தூரமாக அனுப்ப யோசனையாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

பதியும்போதே மாவட்டத்தைக் கொடுத்தால் மையங்களின் பட்டியல் வரும், பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. வயதுக்கான சான்று கையில் இருக்கிறதா, அதில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்திவிடுங்கள்.