பின்சில்லா, நாலு சில்லுமா? கொழும்பில் ஓட்டியவர்களின் அனுபவம்

வெள்ளவத்தையிலிருந்து:

என்னிடம் இருப்பது பின்சில்லில் ஓடும் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். அத்தானிடம் ஔடி ஏ4 குவாட்ரோ, அது ஓல் வீல், அதாவது எஞ்சின் இழுவை நாலு சில்லுக்கும் போகும். கலியாணவீடு, சர்வீஸ் என்று ஏதாவது ஒரு சாட்டில் இரண்டு பேரும் காரை மாற்றி ஓட்டுவோம். அதனால் ஒரே ரோட்டில், ஒரே மழையில் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

வித்தியாசம் நன்றாகத் தெரிவது ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில்தான். வெயில் காலத்தில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழைக்கு வழுக்கத் தொடங்கும். லிப்டன் சுற்றுவட்டத்தில் ஸ்டியரிங் இன்னும் நேராகாத நேரத்தில் அக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால், என் காரின் பின்பக்கம் லேசாக நழுவும். உடனே டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுங்கும், எஞ்சின் சத்தம் அடங்கும், கார் தன்பாட்டில் நேராகிவிடும். ஔடியை அதே இடத்தில் அப்படி மிதித்தாலும் விளக்கு எரியாது. இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆனால் அந்த உதவி மிதிக்கும்போது மட்டும்தான். பிரேக் பிடிக்கையில் இரண்டு காருக்கும் இருப்பது நாலு டயர்தான். தெற்கு அதிவேகப் பாதையில் 100ல் போகும்போது தேங்கிய தண்ணீரில் ஏறினால், டயர் தேய்ந்த குவாட்ரோவும் மிதக்கும். கொழும்புக்குள் மட்டும் ஓடுகிறவர்கள் ஓல் வீலுக்குக் கொடுக்கிற மேலதிகக் காசை நல்ல டயருக்குப் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஸ்டியரிங் உணர்வும் பின்சில்லுக் காரில்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. முன்சில்லுகளுக்குத் திரும்புகிற வேலை மட்டும்தானே.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

கொழும்புக்குள் என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். மனைவியின் ஊர் நுவரெலியா, அதனால் நாங்கள் அடிக்கடி றம்பொடைப் பக்கமாக ஏறுகிறவர்கள். மூடுபனி, ஈர ரோடு, கொண்டை ஊசி வளைவு, அதில் முன்னால் போகும் பஸ் நின்றுவிட்டால் நாங்களும் ஏற்றத்தில் நின்று புறப்பட வேண்டும். அந்த இடத்தில் என் ஓல் வீல் சுபாருவின் சில்லு ஒருநாளும் வழுக்கிச் சுற்றியதில்லை. குடும்பத்தோடு போகிறபோது அந்த நிம்மதி பெரிய விஷயம்.

செலவையும் சொல்ல வேண்டும். ஒரு டயர் பக்கவாட்டில் கிழிந்தது, மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருந்தன. ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் அதன் சுற்றளவு கூட, மற்றவற்றைவிட மெதுவாகச் சுற்றும். முன், பின் சில்லுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரென்ஷியல் நேர் ரோட்டிலும் ஓய்வில்லாமல் உழைத்துச் சூடாகும். கடைசியில் நாலையும் மாற்றினோம்.

தெஹிவளையிலிருந்து:

பழைய ஓல் வீல் கார் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. 2020 முதல் 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால் இங்கே கைமாறுபவற்றில் பல நன்றாக ஓடிய வண்டிகள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, வெறும் இடத்தில் ஊர்ந்தபடி ஒரு வட்டம் போடுங்கள். வண்டி விக்கி விக்கி இழுத்தால் இழுவையை முன், பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸில் சந்தேகம், கராஜில் காட்டாமல் விலை பேசாதீர்கள். அப்புறம் குனிந்து நாலு டயரிலும் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2321 என்றால் 2021இன் 23ஆம் வாரம் செய்தது. நாலும் வெவ்வேறு காலத்து டயராக, தேய்மானமும் வேறுவேறாக இருந்தால், முந்தினவர் அந்த டிஃபரென்ஷியலை எப்படிப் பார்த்திருப்பார் என்று கேளுங்கள்.